ஏழாம் அத்தியாயம்: ப்ளூ-ரே தகட்டில் நேரும் ஃபார்மட் பிழைகளும் அவற்றின் பரிகாரங்களும்

உயர்துல்லியப் படத்தைத் தகட்டில் எழுதும்போது நேரும் இடையூறுகள், ஃபார்மட் பிழை என்ற ஒரே பெயரோடு திரையில் வந்து நின்றாலும், அவற்றின் மூலகாரணம் தகட்டின் ரசாயனப் பூச்சிலோ, தகட்டின்மேல் கோப்புகளை அடுக்கும் முறையிலோ, ஃபோல்டர்களின் அமைப்பிலோ, படத்தைச் சுருக்கிய விதத்திலோ எங்கேனும் இருக்கலாம். அது எங்கே என்று நிர்ணயிக்காமல் தகட்டை மாத்திரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறவர், பணத்தையும் பொழுதையும் விரயம் செய்வதோடு, குற்றமற்ற தகட்டையும் ரைட்டரையும் நிந்திக்கவும் தலைப்படுகிறார். ஒருமுறை எழுதினால் திருத்த இயலாத பிடி-ஆர் தகட்டைப் பொறுத்தவரை இந்த விரயம் இன்னும் மிகுதி. ஆகவே, பிழை தோன்றிய சமயத்தைக் கொண்டு அதன் இருப்பிடத்தை ஊகித்தறிவதும், அந்த இடத்தில் மட்டும் கைவைத்துத் திருத்துவதும், கூடுமானவரை பிழை தகட்டுக்குப் போகுமுன் ஹார்ட் டிஸ்கிலேயே அதைக் கண்டுபிடிப்பதும் எவ்வாறு என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

1. சமயத்தைக் கொண்டு இடத்தை அறிதல்

பிழை தோன்றும் சமயங்கள் நான்கு. எழுதத் தொடங்குமுன்பே மென்பொருள் மறுத்துவிட்டால், தகட்டின் ஜாதியோ கொள்ளளவோ பொருந்தவில்லை என்று கொள்ளலாம். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் நின்றுபோனால், லேசர், தகடு, வேகம் ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். எழுதி முடிந்து, கணினியில் தகடு திறந்தும், தொலைக்காட்சியோடு இணைத்த பிளேயர் அதை அறியாவிட்டால், கோப்பு முறைமையையும் ஃபோல்டர் அமைப்பையும் ஆராய வேண்டும். பிளேயர் தகட்டை அறிந்துகொண்டும் படம் திக்கித் திணறினாலோ, ஒலி மட்டும் எழும்பாமற் போனாலோ, குறை படத்தைச் சுருக்கிய முறையில் இருக்கிறது.

கணினியில் நன்றாக ஓடுகிறதே என்பது இவ்விஷயத்தில் ஒரு பிரமாணமாகாது. விஎல்சி போன்ற மென்பொருள்கள், எந்த விதத்தில் சுருக்கப்பட்ட படமாயினும் எப்படியாவது ஓட்டிக் காட்டிவிடுவது என்ற கொள்கையோடு இயற்றப்பட்டவை. வரவேற்பறையில் இருக்கும் பிளேயரோ, ப்ளூ-ரே விதிகளுக்கு உட்பட்ட படத்தை ஓட்டுவதற்கென்று அளந்து செய்த சிப்பையும், அளந்து வைத்த நினைவகத்தையும் கொண்ட சாதனம். விதி மீறிய படத்தைக் கணினி பொறுத்துக்கொள்ளும், பிளேயர் பொறுத்துக்கொள்ளாது.

2. எழுதத் தொடங்குமுன் வரும் மறுப்பு

இவ்வகையில் முதலாவது, ரைட்டருக்கும் தகட்டுக்கும் உள்ள பொருத்தமின்மை. டிவிடியை எழுதும் லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். ப்ளூ-ரேக்கு வேண்டியது 405 நானோமீட்டர். ஆதலால் டிவிடி ரைட்டர் எவ்வளவு உயர்ந்ததாயினும் பிடி-ஆர் தகட்டில் எழுத வழியில்லை. இதனினும் சங்கடமானது, ப்ளூ-ரேயைப் படிக்கவும் டிவிடியை எழுதவும் மட்டும் வல்ல காம்போ டிரைவ். அதன் முகப்பில் ப்ளூ-ரே முத்திரை இருப்பதைக் கண்டு, எழுதவும் செய்யும் என்று பலர் மயங்குகிறார்கள். மென்பொருளின் தகவல் பகுதியில், அந்த டிரைவ் எழுதவல்ல தகடுகளின் ஜாபிதாவைப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

இரண்டாவது கொள்ளளவு. 25 ஜிபி என்று விற்கப்படும் ஓரடுக்குத் தகட்டின் உண்மையான அளவு 25,025,314,816 பைட்டுகள். ஈரடுக்குத் தகடு இதைப்போல் இரு மடங்கு. விண்டோஸ் 1024-இன் பெருக்கமாகக் கணக்கிடுவதால், அதே தகட்டை 23.3 ஜிபி என்று காட்டும். விண்டோஸில் 24 ஜிபி என்று தெரியும் ஃபோல்டர் 25 ஜிபி தகட்டில் அடங்கிவிடும் என்று எண்ணுகிறவர் ஏமாறுவது இதனால்தான். மேலும், பிடி-ஆர் தகட்டை உதிரி இடம் ஒதுக்கி ஃபார்மட் செய்தால், குறைபட்ட இடங்களுக்குப் பதிலாகப் பயன்படுத்துவதற்கென்று ஒரு பகுதி விலக்கி வைக்கப்பட்டு, எஞ்சுவது சாதாரணமாக 24,220,008,448 பைட்டுகளே. எழுதியதை உடனுக்குடன் ரைட்டர் சரிபார்ப்பதால் வேகமும் ஏறக்குறைய பாதியாகும். நிரம்ப நிரம்பப் படம் வைத்திருப்பவர் உதிரி இடம் ஒதுக்கும் அமைப்பை நீக்கிவிடலாம்.

மூன்றாவது, பழைய மென்பொருள் சிலவற்றில் இன்னும் காணப்படும் எச்டி டிவிடி என்ற தேர்வு. டோஷிபா நிறுவனம் 2008 பிப்ரவரியில் கைவிட்டுவிட்ட அந்த முறையில் ஃபோல்டரின் பெயரே எச்விடிவிடி-டிஎஸ் என்று வேறாக இருக்கும்; ப்ளூ-ரேக்கு வேண்டியது பிடிஎம்வி. தவறிப்போய் முன்னதைத் தேர்ந்துகொண்டால், எழுதும் வேலை குறைவின்றி முடிந்தும் ப்ளூ-ரே பிளேயர் அத்தகட்டை ஏற்காது.

3. எழுதும் நடுவில் நிற்றல்

ரைட்டர் ஒரு கட்டளையை நிறைவேற்ற இயலாதபோது, ஸ்கஸி நியதிப்படி மூன்று எண்களை மென்பொருளுக்கு அனுப்புகிறது. பிழைச் செய்தியை வாசிக்காமலே மூடிவிடுகிறவர்கள் இழப்பது இந்த எண்களைத்தான். முதல் எண் 3 என்றால் தகட்டிலும், 4 என்றால் டிரைவின் உறுப்புகளிலும் குறை. 5 என்றால், கேட்ட காரியம் அந்த நிலையில் செய்யத் தகாதது என்று பொருள். இரண்டாம் எண் 30 என்றிருந்தால் தகடு பொருந்தவில்லை என்பதையும், 72 என்றிருந்தால் எழுதியதை மூடி முடிக்கும் சமயத்தில் தவறு நேர்ந்தது என்பதையும், 73-உம் அதனை அடுத்து 03-உம் வந்தால் லேசரின் சக்தியை அளந்து பொருத்தும் பூர்வாங்கச் சோதனை தோற்றது என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

இந்தச் சக்திச் சோதனை, ஒவ்வொரு முறை எழுதுமுன்பும் தகட்டில் அதற்கென ஒதுக்கிய சிறு பரப்பில் ரைட்டர் தானே செய்துகொள்வது. தகடு தயாரித்தவரின் குறியீடு ரைட்டரின் உள்மென்பொருளில் இடம்பெற்றிருந்தால், எவ்வளவு சக்தியை எவ்வாறு செலுத்துவது என்பது அதற்கு முன்னமே தெரியும். இடம்பெறாவிட்டால், உத்தேசமாகவே எழுத முற்படும். ஆகையால் புதிய வகைத் தகடு அடிக்கடி பாழாகிறது என்றால், ரைட்டரின் உள்மென்பொருளை அதன் நிறுவனம் வெளியிட்ட பிந்திய பதிப்புக்கு மாற்றிப் பார்ப்பது முதற் பரிகாரம். வேகத்தைக் குறைப்பது இரண்டாவது. ப்ளூ-ரேயில் ஒற்றை வேகம் என்பது விநாடிக்கு 4.5 எம்பி, நான்கு மடங்கு வேகத்தில் ஓரடுக்குத் தகடு முழுவதும் எழுத ஏறக்குறைய 23 நிமிஷம்தான் ஆகும். அதற்கு மேல் அவசரப்படுவதால் லாபமாவது சில நிமிஷங்கள், நஷ்டமாவது தகடு.

யூஎஸ்பி கம்பியில் இணைத்த வெளி ரைட்டர்களில் மின்சாரம் போதாமையும் ஒரு காரணம். எழுதும் லேசருக்கும் சுழலும் மோட்டாருக்கும் ஒருங்கே சக்தி வேண்டியிருப்பதால், பல கருவிகளைத் தாங்கும் ஹப்பில் செருகாமல் கணினியின் சொந்தத் துளையிலேயே நேராகச் செருகுவது நலம்.

4. கணினி அறியும், பிளேயர் அறியாது

இந்நிலையில் முதலில் பார்க்க வேண்டியது கோப்பு முறைமை. டிவிடி வீடியோவுக்கு யூடிஎஃப் 1.02 என்றும், ப்ளூ-ரே வீடியோவுக்கு யூடிஎஃப் 2.50 என்றும் விதி வகுக்கப்பட்டிருக்கிறது. சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் போட்டு, டேட்டா தகடு என்று எழுதினால், மென்பொருள் தன் வழக்கப்படி வேறொரு பதிப்பைத் தேர்ந்துகொள்ளும். இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருள், பிடிஎம்வி ஃபோல்டரைக் கண்டவுடன் அமைப்பை 2.50-க்கு மாற்றட்டுமா என்று கேட்கும். அப்போது ஆம் என்பதே விடை. விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு வந்தவை யூடிஎஃப் 2.50-ஐப் படிக்கும், எக்ஸ்பி தனியொரு டிரைவர் இல்லாமல் படிக்காது. ஆதலின், பழைய கணினியில் தகடு வெறுமையாகத் தெரிந்தால் அது தகட்டின் குற்றமென்று தீர்மானித்துவிடலாகாது.

அடுத்தது ஃபோல்டர்களின் அமைப்பு. தகட்டைத் திறந்த முதல் நிலையிலேயே பிடிஎம்வி என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதனோடு சர்ட்டிஃபிகேட் என்ற ஃபோல்டரும், உள்ளே ஒன்றுமில்லாவிடினும், இருப்பது நல்லது. பிடிஎம்விக்குள்ளே, தகட்டின் தொடக்கத்தைக் குறிக்கும் இன்டெக்ஸ் கோப்பும், மூவி ஆப்ஜெக்ட் கோப்பும், பிளேலிஸ்ட், கிளிப்இன்ஃப், ஸ்ட்ரீம் என்ற மூன்று ஃபோல்டர்களும் அமைந்திருக்கும். படமும் ஒலியும் ஸ்ட்ரீமில் எம்2டிஎஸ் கோப்பாகவும், அவற்றை எந்த வரிசையில் ஓட்டுவது என்ற விவரம் பிளேலிஸ்டிலும், அந்தப் படத்தின் எந்த இடம் எந்தக் கணத்துக்கு உரியது என்ற அட்டவணை கிளிப்இன்ஃபிலும் இருக்கும். இம்மூன்றும் ஒன்றையொன்று எண்ணால் சுட்டுவதால், ஸ்ட்ரீமில் உள்ள ஒரு கோப்பின் பெயரை மாத்திரம் மாற்றினாலும் தகடு முழுதும் பயனற்றதாகிவிடும். பிடிஎம்வி ஃபோல்டரை வேறொரு ஃபோல்டருக்குள் வைத்து எழுதிவிடுவது இவ்வகைத் தவறுகளில் மிகச் சாதாரணமானது.

ஏவிசிஎச்டி கேமராக்களின் மெமரி கார்டிலும் பிடிஎம்வி என்ற ஃபோல்டர் இருப்பதைக் கண்டு, அதை அப்படியே தகட்டில் எழுதுகிறவர்களும் உண்டு. கார்டில் அது பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள் ஏவிசிஎச்டி என்ற ஃபோல்டருக்குள் புதைந்திருப்பதோடு, கோப்புகளின் பின்னொட்டுகளும் மூன்றெழுத்துக்குச் சுருக்கப்பட்டு எம்டிஎஸ், எம்பிஎல், சிபிஐ என்று இருக்கும். தகட்டுக்கு வேண்டியவையோ எம்2டிஎஸ், எம்பிஎல்எஸ், சிஎல்பிஐ. டிஎஸ்மக்ஸர் போன்ற ஒரு கருவியில் படங்களை உள்ளிட்டு, ப்ளூ-ரே ஃபோல்டராகவோ ஐஎஸ்ஓ பிம்பமாகவோ வெளியிட்டுக்கொள்வதே நேர் வழி. மற்றொரு வகைக் கோப்பான டிஎஸ்-இன் பெயரை எம்2டிஎஸ் என்று மாற்றுவதும் பயனற்ற காரியம். முன்னதில் ஒவ்வொரு பொட்டலமும் 188 பைட், பின்னதில் நேரக்குறி 4 பைட் சேர்ந்து 192 பைட்.

கடைசியாக, தகட்டின் ஜாதி. பிடி-ஆர் தகடுகளில் பெரும்பாலானவை கனிமப் பூச்சு உடையவை. எல்டிஎச் என்று உறையில் குறிக்கப்பட்டவை கரிமச் சாயப் பூச்சு உடையவை. முன்னவற்றில் எழுதிய இடத்தின் பிரதிபலிப்பு குறையும், பின்னவற்றில் கூடும். இந்த வித்தியாசத்தை அறியாத பழைய பிளேயர்கள் எல்டிஎச் தகட்டை ஏற்பதில்லை. அதேபோல், எழுதி முடித்தபின் மூடப்படாமல் விடப்பட்ட பிடி-ஆர் தகட்டையும் பல பிளேயர்கள் புறக்கணிக்கும். டிவிடி தகட்டில் பிடிஎம்வி ஃபோல்டரை எழுதும் உபாயமும் வழக்கில் இருக்கிறது. ஏவிசிஎச்டி விதிப்படி அங்கே படத்தின் வேகம் விநாடிக்கு 18 மெகாபிட்டைத் தாண்டலாகாது. அந்த வேகத்தில் 4.7 ஜிபி தகட்டில் ஏறக்குறைய 35 நிமிஷம் அடங்கும். ஆயினும் இதை ஏற்பது அந்தந்தப் பிளேயரைப் பொறுத்தது; பிறருக்குக் கொடுக்கும் தகட்டுக்கு இந்த உபாயம் ஏற்றதன்று.

5. தகடு தெரியும், படம் ஓடாது

பிழைகளில் மிக நுட்பமானவை இங்கேதான் இருக்கின்றன. ப்ளூ-ரே ஏற்கும் படச் சுருக்க முறைகள் மூன்றே: எம்பெக்-2, எச்.264, விசி-1. கைப்பேசிகள் இந்நாளில் விரும்பிப் பதியும் எச்.265 இந்த ஜாபிதாவில் இல்லை; அது 4கே ப்ளூ-ரேக்கு உரியது; சாதாரணப் பிளேயருக்குப் புரியாது.

முறை சரியாயிருந்தும் ஃப்ரேம் கணக்கு பிசகுவது அடுத்த காரணம். 1920×1080 அளவில் விநாடிக்கு 23.976, 24 என்ற முழு ஃப்ரேம்களும், 50 அல்லது 59.94 என்ற இடைவரிப் புலங்களும் மட்டுமே அனுமதிக்கப்படும். விநாடிக்கு 50 அல்லது 59.94 முழு ஃப்ரேம் வேண்டுமானால் 1280×720-க்கு இறங்கியாக வேண்டும். இந்தியாவில் பயன்படும் கேமராக்கள் பலவற்றில் வழக்கமாகத் தேர்ந்துகொள்ளும் 25 முழு ஃப்ரேம் என்பது 1080 ஜாபிதாவில் இல்லவே இல்லை. கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரரைக் குழப்பும் விஷயம் இது. இதற்குப் பரிகாரம் சுலபமானது. அதே 25 ஃப்ரேமையும் ஒவ்வொன்றாக இரண்டு புலங்களாகப் பிரித்து, 50 புலம் என்ற குறியோடு சுருக்கிவிட்டால், படத்தில் ஓர் அணுவும் குறையாமல் விதியும் நிறைவேறும். எக்ஸ்264 சுருக்கியில் ஃபேக்-இன்டர்லேஸ்டு என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. கைப்பேசியின் 30 ஃப்ரேம் படத்தை முதலில் மாறாத 29.97-க்குக் கொண்டுவந்து, பின்னர் இதே வழியில் 59.94 புலமாக்க வேண்டும். கைப்பேசிகள் வெளிச்சத்துக்கேற்ப ஃப்ரேம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிவதால், அதை நிலைப்படுத்தாமல் எழுதினால் உதடும் ஒலியும் போகப்போக விலகிவிடும். சினிமாப் படத்தின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையை வெட்டி 1920×800 என்று ஆக்கிய கோப்பும் செல்லாது. பட்டையை மீண்டும் சேர்த்து 1080 ஆக்க வேண்டும்.

மூன்றாவது, வேகமும் சுருக்கத்தின் உள்ளமைப்பும். படத்துக்கு மட்டும் உச்ச வேகம் விநாடிக்கு 40 மெகாபிட். படம், ஒலி, எழுத்து எல்லாம் சேர்ந்து 48. எச்.264 என்றால் லெவல் 4.1-க்கு உட்பட்டு, 1080 அளவில் நான்குக்கு மேற்படாத ஆதார ஃப்ரேம்களும், தொடர்ந்து மூன்றுக்கு மேற்படாத பி-ஃப்ரேம்களும், ஒவ்வொரு ஃப்ரேமும் குறைந்தது நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டும், விநாடிக்கு ஒரு முறையேனும் முழுமையான ஃப்ரேம் வந்தும் அமைய வேண்டும். உச்ச வேகம் 15 மெகாபிட்டுக்கு உட்பட்டதானால் இரண்டு விநாடிக்கு ஒன்று போதும். இவற்றையெல்லாம் மனனம் செய்ய வேண்டுவதில்லை. எக்ஸ்264-இல் ப்ளூரே-காம்பாட் என்ற தேர்வையும், வேகத்துக்கு 40,000, இடைத்தேக்கத்துக்கு 30,000 என்ற எல்லைகளையும், மேற்சொன்ன லெவலையும் துண்டுக் கணக்கையும் முழு ஃப்ரேம் இடைவெளியையும் குறித்துவிட்டால் மிகுதி தானே அமையும். வீட்டில் எழுதும் தகட்டுக்கு, சராசரி 25 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஓரடுக்கில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே படம் அடங்கும்.

சில கருவிகளில், மீண்டும் சுருக்காமல் கோப்பின் தலைப்பிலுள்ள லெவல் எண்ணை மட்டும் 5.1-இலிருந்து 4.1 ஆக மாற்றும் வசதி உண்டு. ஜாடியின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் ஊறுகாய் மாறாது, உண்மையில் 4.1-க்குள் அடங்கியிருந்து எண் மட்டும் தவறாகப் பதிந்த படத்துக்கே அந்த வசதி பயன்படும்.

6. ஒலியும் எழுத்தும்

ஒலியில் லீனியர் பிசிஎம், டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகியவையும், அவற்றின் உயர்ந்த வடிவங்களும் செல்லும். ஏஏசியும் எம்பி3-உம் செல்லா. கைப்பேசிப் படம் ஊமையாக ஓடுவதற்கு முக்கிய காரணம் ஏஏசியே. டால்பி டிஜிட்டலாக மாற்றும்போது விநாடிக்கு 640 கிலோபிட் வரை அனுமதி உண்டு. பாட்டு சிடியிலிருந்து எடுத்த ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கும்; அதை 48-க்கு மாற்றாமல் சேர்க்கலாகாது.

வசன எழுத்துகளை எஸ்ஆர்டி கோப்பாகத் தகட்டில் போட்டால் பிளேயர் படிக்காது. அவற்றைச் சித்திரங்களாக வரைந்து, பிஜிஎஸ் என்ற முறையில் சேர்க்க வேண்டும். தமிழுக்கு இங்கே விசேஷ எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகிறது. எழுத்துகளைக் கோத்து அமைக்கத் தெரியாத கருவி, கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டு, வாசிக்க இயலாத சித்திரத்தை உண்டாக்கிவிடும்; சித்திரமாகிவிட்டபின் திருத்த வழியில்லை. ஆதலால் மாற்றிய வரிகளில் கொ, கௌ போன்றவை வரும் இடங்களைத் தேடிப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். தகட்டின் பெயரையும் ஃபோல்டர்களின் பாதையையும் ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்வது, யூனிகோடு அறியாத பழைய கருவிகளோடு வரும் சச்சரவைத் தவிர்க்கும்.

7. பரிசோதனை முறை

மேற்கூறியவற்றை ஒரு கிரமத்தில் செய்தால், பாழாகும் தகடுகள் வெகுவாகக் குறையும். முதலில், மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் மூலப்படத்தைத் திறந்து, சுருக்க முறை, அளவு, ஃப்ரேம் வேகம், லெவல், ஒலியின் வகை ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விதிக்குப் புறம்பானதை மட்டும் மாற்றுங்கள். பிறகு நேராகத் தகட்டில் எழுதாமல் ஐஎஸ்ஓ பிம்பமாக ஹார்ட் டிஸ்கில் உண்டாக்கி, விண்டோஸ் 8-உம் அதற்குப் பிந்தியவையும் தரும் வசதியால் அதை டிரைவாக ஏற்றி, பிடிஎம்வி முதல் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அழித்தெழுதக் கூடிய பிடி-ஆர்இ தகடு ஒன்றில் அந்தப் பிம்பத்தை எழுதி, படத்தை யார் காணப்போகிறார்களோ அவர்களுடைய பிளேயரிலேயே, அல்லது கிடைப்பவற்றுள் மிகப் பழைய பிளேயரிலே, முதலும் நடுவும் கடைசியும் ஓட்டிப் பாருங்கள். அது தேறினால், அதே பிம்பத்தை பிடி-ஆர் தகட்டில் நிதானமான வேகத்தில் எழுதி, சரிபார்த்து, மூடிவிடலாம்.

பிடி-ஆர்இயில் தேறியது பிடி-ஆரில் தேறாவிட்டால், குறை தகட்டிலும் எழுதிய விதத்திலும் இருக்கிறதேயன்றிப் படத்தில் இல்லை என்பது இதனால் நிச்சயமாகிறது; இரண்டிலும் ஒரே இடத்தில் திக்கினால், படத்தில்தான் இருக்கிறது. சோதிக்கும்போது ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேகத்தையும் தகட்டையும் சுருக்க அமைப்பையும் ஒருங்கே மாற்றிவிட்டு, வேலை பலித்தபின் எதனால் பலித்தது என்று அறியாதவர், அடுத்த தகட்டிலும் அதே சந்தேகத்தோடு தொடங்க வேண்டியிருக்கும்.

எழுதும் ப்ளூ-ரே தகடுகளின் உற்பத்தியை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டதை எண்ணிப் பார்த்தால், தகடு வருங்காலத்தில் மலிவாகவோ எளிதாகவோ கிடைக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. ஆகவே, தேறிய ஐஎஸ்ஓ பிம்பத்தையும், அதை உண்டாக்கிய அமைப்புகளைக் குறித்த ஒரு சிறு கோப்பையும் ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தகடு கீறிப்போனாலும், வேறொருவர் ஒரு பிரதி கேட்டாலும், முதலிலிருந்து தொடங்காமல் எழுதும் வேலையோடு காரியம் முடியும்.